முப்பது நாளில் ஒரு பஸ்

புதுக்கோட்டையில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறை வைத்திருந்த ஆத்மநாதன் மேஸ்திரிக்கு மரம் தெரியும், தகரம் தெரியும். நாள் சொல்ல மட்டும் தெரியாது. கேட்கிறவர் முகம் எந்த எண்ணுக்கு மலருமோ அந்த எண்தான் வாயில் வந்து விழும். "ஆண்டவன் எனக்கு வாயக் கொடுத்தான், காலண்டரக் கொடுக்கல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

1956-ல் ஜெகதாப்பட்டினத்து மீரா சாகிபு பஸ் பர்மிட் வாங்கி, இன்னும் கூடில்லாத புதுச் சேசிஸைக் கொண்டுவந்து பட்டறையில் நிறுத்தினார்.

"எத்தனை நாளாகும் மேஸ்திரி?"

ஐம்பத்தைந்து என்றது மனசு. "முப்பது நாளு பாய்" என்றது வாய்.

மீரா சாகிபு முகம் மலர்ந்தது. மேஸ்திரிக்கும் சந்தோஷம். சைக்கிள் மிதித்து வீடு போய்ச் சேரும்வரை அது நீடித்தது.

பத்தாம் நாள் வந்த மீரா சாகிபு, மேலே மீன்கூடை ஏற்றக் கம்பி கட்டி, பின்னால் ஏணியும் வைக்கச் சொன்னார். "அதுக்கென்ன பாய்!" பதினாறாம் நாள், பெண்களுக்குத் தனி அடைப்பு. "செஞ்சிருவோம்!" கூடுதல் நாள் கேட்க மேஸ்திரி வாயைத் திறப்பார், பாய் அதில் ஒரு துண்டு அல்வாவை வைத்துவிடுவார்.

இருபத்துமூன்றாம் நாள் பஸ்ஸில் இருந்தது கூரையும் பாதித் தகரமும்தான். அன்றைக்குத்தான் மீரா சாகிபு அச்சடித்த நோட்டீஸ் வந்தது: அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஜெகதாப்பட்டினத்திலிருந்து புதுக்கோட்டைக்கு முதல் பயணம். மேஸ்திரி பட்டறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பாடு கொண்டுவந்த மனைவி செவந்தி தேடிப் பிடித்தாள்.

"காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கவா?"

"நீங்க படுத்தா பஸ்ஸு தானா எந்திரிச்சு ஓடுமாக்கும்? போயி உள்ளதச் சொல்லுங்க."

மறுநாள் ஜெகதாப்பட்டினம் போனார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு, மீரா சாகிபைப் பார்த்ததும் மறந்துபோனது.

"பாய், நான் சொன்னது பொய்யி. நீங்க கூட்டுனதையும் சேத்தா அறுவத்தஞ்சு நாளு வேலை."

மீரா சாகிபு கையிலிருந்த நோட்டீஸ் கட்டைக் கீழே வைத்தார். "இத அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா வேற பட்டறைக்குப் போயிருப்பீங்களே."

"போயிருப்பேன்தான்" என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

அதற்குமேல் கோபப்பட அவருக்கும் வழியில்லை. "வெள்ளிக்கிழமை எது இல்லாட்டி வண்டி ஓடாது? அத மட்டும் முடிச்சுத் தாரேன்" என்றார் மேஸ்திரி. மிச்சத் தகரம், இருக்கை, கதவு, விளக்கு, பெயின்ட் வேண்டும். மீன்கூடைக் கம்பியும் ஏணியும் அடைப்பும் அடுத்த மாதம். ஜன்னலுக்கு இப்போதைக்குப் படுதா.

வெள்ளிக்கிழமை பஸ் கிளம்பிவிட்டது. இருக்கை பெயின்ட் மட்டும் காயவில்லை. புதுக்கோட்டையில் இறங்கிய அத்தனை பேர் முதுகிலும் பச்சைக் கோடு. மீரா சாகிபின் வெள்ளை ஜிப்பாவில் மூன்று. உடன் வந்த மேஸ்திரி தன் முதுகைத் திருப்பிக் காட்டினார்: நான்கு. பாய் சிரித்துவிட்டார்.

அதன்பின் மேஸ்திரி திருந்தினார். கீரமங்கலத்து உடையப்பன் லாரிக்குக் கூடு கட்டக் கேட்டபோது நெஞ்சை நிமிர்த்தி, "அறுவது நாளு" என்றார்.

"நீங்க அறுவதுங்கிறீங்க, நான் நூத்திருவதுன்னு வச்சுக்கிறேன்" என்று வண்டியை விட்டுவிட்டுப் போனார் உடையப்பன்.

ஐம்பத்தெட்டாம் நாள் லாரி தயார். டிரைவருக்குக்கூட ஏற்பாடு செய்திராத உடையப்பன் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. இரண்டு மாதம் லாரி பட்டறையை அடைத்துக்கொண்டு நிழலில் நின்றது. மேஸ்திரி தெருவில், வெயிலில், அடுத்த வண்டிக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்.