காரணம் தெரியாமல் அனுப்பாதவர்

காலை பத்தரை இருக்கும். லைன்மேன் ஏழுமலை சைக்கிளைச் சுவரில் சாய்க்கவில்லை. அப்படியே கீழே போட்டுவிட்டு மின்வாரிய அலுவலகத்துக்குள் வந்தார்.

"கோதண்டண்ணன் பூட்டாரு சார். திருப்புலிவனத்துல. மீட்டர் ரீடிங் எடுத்துக்கினு இருந்தவரு, அப்டியே உக்காந்துட்டாரு. உசுரு இல்ல."

எத்தனை வீடு முடித்திருந்தார் என்று கேட்டேன். கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது. ஏழுமலைக்கு அந்தக் கேள்வி விசித்திரமாகப் படவில்லை. "பதினேழு," என்றார். "பதினெட்டாவது வூட்டு வாசல்ல."

உத்திரமேரூரில் கோதண்டத்தை அறியாத வீடு இல்லை. மீட்டர் உள்ள வீடுகளைச் சொல்கிறேன். வீடு பூட்டியிருந்தால் டீக்கடையில் உட்கார்ந்து ஓர் எண்ணை எழுதிக்கொள்வது சிலருக்கு வழக்கம். அவர் மறுநாள் திரும்பப் போவார். மறுநாளும் பூட்டியிருந்தால் மூன்றாம் நாள். நான் எழுத்தராகச் சேர்ந்த வாரம், ரீடிங் தாளில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் கொடுத்தார். ஏன் என்றேன்.

"பூட்டிக் கீது. பூட்டிக் கீதுன்னு எழுது. உன் மனசுல ஓடுற நம்பரை எழுதாதே."

எனக்கு இருபத்துநான்கு வயது. முதுகலைப் பட்டம் இருந்தது. உண்மை என்பது என்ன என்று இரண்டு ஆண்டு படித்திருந்தேன். அந்தக் கட்டத்தில் 'பூட்டியிருந்தது' என்று எழுதினேன்.

கறுப்புச் சட்டை. கோயிலுக்குள் கால் வைக்காதவர். ராகு காலம், நல்ல நேரம் போட்ட நாள்காட்டியை வீட்டுக்குள் விடமாட்டார். உரக்கடைக்காரர் கொடுத்த வெறும் ஆங்கிலத் தேதித் தாள் ஒன்றுதான் சுவரில் தொங்கும். இதை அவருடைய பெருமையாகத்தான் எல்லோரும் சொல்வோம். அவரும்.

அவர் வீட்டில் ஒரு பூனை இருந்தது. சாம்பல் நிறம். பெயர் யூனிட்.

யூனிட்டுக்கு வயிறு சரியில்லை. மூன்று நாள் வயிற்றால் போகும், வாந்தி எடுக்கும், சுருண்டு கிடக்கும். பிறகு தேறும். சோறும் மீனும் தின்னும். கொஞ்சம் சதை பிடிப்பதற்குள் மறுபடியும். ஒரு வருடத்தில் முதுகெலும்பை எண்ணலாம் போல ஆகிவிட்டது. மாட்டாஸ்பத்திரிக்கு மூன்று முறை தூக்கிப் போனார். பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். பூச்சி இல்லை. "பசுவா இருந்தா சொல்லிடுவேன். பூனைய யாருங்க இங்க கொண்டு வர்றாங்க?" என்றார் டாக்டர். அவரும் நேர்மையான மனிதர்தான். பக்கத்து வீட்டில் பூண்டு என்றார்கள். எதிர் வீட்டில் வேப்பெண்ணெய். மீனை நிறுத்திப் பார்த்தார். சோற்றை நிறுத்திப் பார்த்தார்.

பிறகு ஒரு நோட்டு வாங்கினார்.

தேதி, நேரம், என்ன தின்றது, என்ன வெளியே வந்தது. கட்டம் போட்டு எழுதினார். ஏழுமலை விடவில்லை.

"இன்னாண்ணே, பூனைக்கு மீட்டர் மாட்டிட்டியாமே?"

"மாட்ட முடிஞ்சா பேஜாரே இல்லடா. உள்ள இன்னா ஓடுதுன்னு தெரிஞ்சிடும்."

மதியச் சாப்பாட்டுக்குப் பின் நோட்டு என் மேசைக்கு வரும். இருவரும் இடைவெளிகளை எண்ணுவோம். பதினைந்து நாள். பதினான்கு. பதினைந்து. ஏதோ பிடிபடுவது போல இருக்கும். திடீரென்று ஆறு. அடுத்து ஒன்பது. எல்லாம் கலைந்துவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இந்த ஊரில் என்ன நடக்கிறது? கொசு மருந்து அடிப்பதை விசாரித்தோம். கருவாட்டு வண்டி வரும் நாளை விசாரித்தோம். இரண்டும் இல்லை. நிலவு பதினைந்து நாளுக்கு வளர்கிறது, பதினைந்து நாளுக்குத் தேய்கிறது. அது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

அவர் மனைவி சரோஜா அக்கா கெடு வைத்தார். மகளுக்கு வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டும். சம்பந்தி வீட்டார் வருவார்கள். பச்சைக் குழந்தை படுக்கிற வீட்டில் பூனை மூலைக்கு மூலை அசிங்கம் செய்ய முடியாது.

"பொண்ணு வர்றதுக்குள்ள நிக்கணும். இல்லன்னா கோணியில கட்டி பாலாத்துக்கு அந்தாண்ட உட்டுட்டு வா."

"காரணம் தெரியாம அனுப்ப மாட்டேன்."

"காரணத்தை நீ ஆத்தங்கரையில உக்காந்து தேடு."

அக்கரையில் விட்டால் அந்த உடம்போடு ஒரு வாரம் தாங்காது. இருவருக்கும் அது தெரியும்.

கெடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். அவர் வரச் சொல்லியிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை. கோணியை விரித்து வைத்திருந்தார். நோட்டைக் கடைசியாக ஒருமுறை புரட்டினார். மூடினார். பூனையைத் தூக்கி உள்ளே விட்டார். அது கத்தவில்லை. கத்துகிற தெம்பு இல்லை. சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிறு சுற்றினார்.

"இருய்யா," என்றார் சரோஜா அக்கா.

"இன்னா?"

"வேணாம். பாவம் வந்து சேரும். அது சாமி பாலு குடிக்கிற ஜீவன்."

"எந்த சாமி பாலு?"

"சிவன் கோயில்ல. பிரதோஷத்துக்குப் பிரதோஷம் வருது. அபிஷேகப் பாலு கோமுகி வழியா வெளிய வந்து தொட்டியில வுழும் பாரு, அங்க உக்காந்துகினு நக்கும்."

கோதண்டம் கயிற்றை விடவில்லை. "உனக்கு எப்டித் தெரியும்?"

சரோஜா அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தரையை. "நானும் போறேன். நாலு வருசமா."

கோணி மட்டும் அசைந்தது.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்னைத்தான் கோணியில கட்டியிருப்பே."

"அதில்லடி. பூனையப் பத்தி ஏன் சொல்லல?"

"கோயில் பாலு குடிச்சா வயிறு கெடும்னு எந்த ஊர்லயாவது சொல்லுவாங்களா? நல்லாயிடும்னுதான்யா நெனச்சேன்."

எதிர்பார்த்திருந்தேன். அவர் கத்துவார், கறுப்புச் சட்டைக்கு வந்த அவமானத்தைப் பேசுவார் என்று. அவர் கேட்டது ஒன்றுதான்.

"பிரதோஷம் எத்தினி நாளுக்கு ஒருவாட்டி?"

"பதினஞ்சு. சில சமயம் பதினாலு."

பக்கத்து வீட்டுக்கு ஓடினார். அவர் வீட்டுக்குள் ஒருநாளும் நுழையாத அந்த நாள்காட்டியைக் கேட்டு வாங்கி வந்தார். வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் நோட்டில் உள்ள தேதிகளைப் படித்தேன். அவர் பார்த்துச் சொன்னார். மறுநாள். மறுநாள். மறுநாள். பதின்மூன்று முறையில் பதினொரு முறை, பிரதோஷத்துக்கு மறுநாள் யூனிட்டுக்கு வயிறு போயிருந்தது. பாலோடு தயிர், எண்ணெய், தேன், சந்தனம் எல்லாம் கலந்து அந்தத் தொட்டியில் கிடக்கும்.

கயிற்றை அவிழ்த்தது சரோஜா அக்கா. கூடுதல் கெடு கொடுத்ததும் அவர்தான். ஒரு பிரதோஷம்.

அந்தப் பிரதோஷ மாலை ஊரே பார்த்தது. கறுப்புச் சட்டையோடு, நோட்டோடு, கோயிலின் வடபுறத்தில் அந்தத் தொட்டிக்கு அருகே கோதண்டம். குருக்கள் விடுவாரா?

"இன்னா கோதண்டம், நந்தி ஆள் அனுப்பினாரா?"

"ரீடிங் எடுக்க வந்தேன் சாமி. வேலையப் பாருங்க."

பூனை மதில் ஏறி வந்தது. குடித்தது. நேரம் குறித்தார். மறுநாள் அதிகாலையே வயிறு போயிற்று. அதையும் குறித்தார். அடுத்த பிரதோஷத்தன்று அதைக் கட்டிப் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. போதுமே என்றேன். "ஒருவாட்டி நடந்தா அது தற்செயல்," என்றார். இன்னும் இரண்டு முறை கட்டிப் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. அதற்குள் குழந்தை பிறந்திருந்தது. யூனிட் தூளிக்குக் கீழே படுத்திருந்தது, வயிறு தெரிகிற அளவுக்குத் தேறி.

கோதண்டம் மாறிவிட்டார் என்று ஊரில் பேசினார்கள். "பூனைதான் மாறிச்சு," என்பார். பொருந்தாத அந்த இரண்டு தேதிகளைப் பற்றி நான் கேட்டேன். நோட்டைக் காட்டினார். இரண்டின் எதிரிலும் 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தார். மற்ற வரிகளுக்கு உள்ள அதே கையெழுத்து, அதே அழுத்தம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது அவரைப் பற்றிய குறிப்பு ஆகாது. சரோஜா அக்கா அதுவரை பின் தெரு வழியாக, கடைக்குப் போவதாகச் சொல்லித்தான் கோயிலுக்குப் போவார். அதற்குப் பிறகு பிரதோஷந்தோறும் தேரடி வழியாகப் போனார். கூடவே கோதண்டமும் போனார். பூனையைக் கட்டிப் போட்டால் கழுத்தை அறுத்துக்கொள்கிறது என்பது அவர் சொன்ன காரணம். கோபுர வாசலுக்கு இப்பால், கறுப்புச் சட்டை, கைக்குள் துண்டில் சுற்றிய பூனை. தெரிந்தவர்கள் கிண்டல் செய்து கடப்பார்கள். பூஜை முடிந்து மனைவி வெளியே வரும்வரை அசையமாட்டார். விபூதியை நீட்டினால் தலையசைத்து மறுப்பார். மனைவி பூசிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

உடலை எடுத்த அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். கூட்டம் குறைந்திருந்தது. சரோஜா அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் பூனை.

"காரியம்லாம் முடிஞ்சி நான் கோயிலுக்குப் போவ ஆரம்பிச்சா," என்றார், "இத யாருப்பா புடிச்சிக்கினு நிப்பாங்க?"

நானும் கோயிலுக்குப் போகிறவன் இல்லை.

"நான் நிக்கிறேன் அக்கா," என்றேன்.