சைக்கிள் ஓட்டும் ஆண், நோக்கம் தெரியவில்லை

பொம்மிடி அர்ச்சுனனை இணையத்தில் தேடினால் மகாபாரதத்து அர்ச்சுனன்தான் வருவார். அவரிடம் வில் இருக்கும், சைக்கிள் இருக்காது. ஏ.டி.எம். வாசலில் பகல் காவல் பார்க்கும் நம்ம அர்ச்சுனனுக்கு இதில் பெரிய மனக்குறை.

எண்பத்து நாலில் சந்தைமேட்டில் ஏழு நாள் கால் தரையில் படாமல் சைக்கிள் ஓட்டியவர் அவர். ஓட்டிக்கொண்டே இட்லி தின்றார், முகம் மழித்தார், குடத்தைத் தலையில் கவிழ்த்துக் குளித்தார். கம்பத்தில் புனல் ஸ்பீக்கர் கட்டி, கூட்டாளி மாயவன் மைக்கில் ஊரைக் கூட்டினார். அந்தக் குரலுக்கு வத்தல்மலையிலிருந்தே ஆள் இறங்கி வந்தது என்பது அர்ச்சுனன் தரப்பு வாதம். வாதம் என்று சொல்லக் காரணம் உண்டு. மாயவன் போய்ச் சேர்ந்தாயிற்று. பார்த்த கூட்டத்தில் பாதி அவருக்கு முன்னாலேயே போய்விட்டது, மிச்சத்துக்கு ஞாபகம் போய்விட்டது. எஞ்சிய ஒரே சாட்சி அர்ச்சுனன். அதற்கப்புறம் அவர் தாலிக்குக் கழுத்தை நீட்டிய தீர்த்தம்மாள் அந்தச் சாட்சியை இன்றுவரை நம்பவில்லை.

"ராத்திரி கூட்டம் கலஞ்சதும் எறங்கித் தூங்கியிருப்பீங்க."

"மாயவன் இருந்தா சொல்லுவான்."

"அவரா? நீங்க ஏரோப்ளேன் ஓட்டுனீங்கன்னாலும் சொல்லுவாரு."

தான் கண்ணை மூடினால் அந்த ஏழு நாளும் நடக்காததாகிவிடும். இதுதான் அர்ச்சுனனை அரித்தது. காவல் நாற்காலியில் உட்கார்ந்து, "பொம்மிடி சைக்கிள் வீரர்" என்று போனுக்குள் பேசிப் பார்த்தார். போன் அவருக்கு சைக்கிள் விற்றது. கூடவே வயதை எப்படியோ மோப்பம் பிடித்து, மூட்டுவலித் தைலமும் விற்றது.

ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் மருமகள் ஐஸ்வர்யா லீவுக்கு வந்தவள்தான் வழி சொன்னாள்.

"உங்களையே தேடாதீங்க மாமா. உங்க பேர யாரு எழுதி வச்சிருக்கப் போறாங்க? அன்னிக்கு அங்க படம் எடுத்தது யாரு?"

யோசித்தால் ஒரு ஆள் இருந்தான். பஞ்ச காலத்தில் ஊருக்கு போர்வெல் போட வந்த வெள்ளைக்காரன். வெயிலில் தக்காளியாய்ச் சிவந்து, காதோரம் கிர்ரென்று ஓடும் கேமராவோடு கூட்டத்தில் நின்றான். பேர் யாருக்கும் தெரியாது. ஊருக்கு அவன் போர்தொரை.

"அப்ப அவரத் தேடுவோம். அவரு எடுத்த படப்பெட்டி எங்க போச்சோ, அங்கதான் நீங்களும் இருப்பீங்க."

போர்வெல், வறட்சி, ஜில்லா பேர் என்று இங்கிலீஷில் மாற்றி மாற்றி அடித்தாள். கடல் தாண்டி ஏதோ ஒரு பல்கலைக்கழக நூலகம் சிக்கியது. அந்தப் பஞ்சத்தில் உதவிக்கு வந்த சங்கம் ஒன்று தன் பழைய படச்சுருள்களை அங்கே கொடுத்திருந்தது. ஒன்றொன்றாகத் திறந்தாள். போர்வெல் வண்டி. ஒரு ஆடு. குடத்தோடு பெண்கள் வரிசை. அப்புறம், மீசை கறுத்த ஒரு பயல், தலையில் தண்ணீர் வழிய, சைக்கிளில்.

அர்ச்சுனன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கீழ என்னமோ எழுதியிருக்கே?"

ஐஸ்வர்யா தமிழில் சொன்னாள்: "பொம்மிடி. திடலில் வட்டமாக சைக்கிள் ஓட்டும் ஆண். நோக்கம் தெரியவில்லை."

"நோக்கம் தெரியலயா?"

"அதத்தான் நானும் கண்ணாலம் ஆனதுலருந்து கேக்கறேன்" என்றாள் தீர்த்தம்மாள்.

தெரிந்தவர்கள் எழுதலாம் என்று அடியில் ஒரு கட்டமும் விட்டிருந்தார்கள். அங்கேதான் அர்ச்சுனன் மாட்டிக்கொண்டார். நோக்கமெல்லாம் மாயவன் இலாகா. முதல் நாள் உலக சாதனை என்றான். அடுத்த நாள் மழை வேண்டி என்றான். அப்புறம் தேச ஒற்றுமை. கூட்டம் குறைந்ததும் தங்கச்சி கல்யாணம் என்று அழுதான். இரண்டு பேருக்கும் தங்கச்சி கிடையாது.

அடுத்த தெருவில்தான் மாயவன் வீடு. மருமகளைக் கூட்டிக்கொண்டு போனார். மாயவன் சம்சாரம் ராமக்காள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். சைக்கிள் சுற்றித் திரும்பும் இடத்தில், கம்பத்தடியில், தலை நிறைய முடியோடு மாயவன். கையில் மைக். வாய் ஓயாமல் அசைந்தது.

"சத்தம் வைங்கண்ணா."

"சத்தம் இல்ல தங்கச்சி. வெறும் படந்தான்."

"இந்த மனுசன் சத்தமில்லாமயா?"

படம் முடிந்தது. ஐஸ்வர்யா மறுபடி ஓடவிட்டாள்.

"எதுக்குச் சுத்துனோம்னு உங்கிட்ட எப்பவாச்சும் சொன்னானா?"

"சொல்லாம என்ன. அவருக்கு மைக் மேல உசுரு. சும்மா போயி நின்னா யாரு குடுப்பாங்க? நீங்க சுத்துனா மைக் வேணுமில்ல? அதான் உங்கள ஏத்தி வுட்டாரு. நீங்க நேத்து வரைக்கும் உலக சாதனைன்னு சொல்லிட்டுத் திரியறீங்க, நான் எதுக்கு அதக் கெடுக்கோணும்னு இருந்தேன்."

அர்ச்சுனன் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஏழு நாள். தொடை உரிந்து, மறு மாசம் வரைக்கும் கால் அகட்டி நடந்தது. பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கல்யாண வீட்டு மைக்கை வாங்கித் தந்திருக்க மாட்டாரா?

திரையில் மாயவன் எதையோ சொல்லித் தானே சிரித்தான். என்ன சொன்னான் என்பது அர்ச்சுனனுக்கு ஞாபகம் வரவில்லை. சிரிப்பு மட்டும் தொற்றிக்கொண்டது.

"எழுதும்மா. மைக் புடிச்சிருக்கறது மாயவன். அவன் பேசறதுதான் நோக்கம்."

"உங்க பேர மொதல்ல போடறேன் மாமா. நீங்கதான நடுவுல தெரியறீங்க."

"வேணாம், அவன் பேரு மொதல்ல. நான் சும்மா சுத்திக்கிட்டுத்தான இருந்தேன்."