நிறுத்துகிற க்ளாஸ்

ஒரகடம் தொழிற்சாலையில் எங்கள் ரோபோ மென்பொருள் குழுவுக்குத் தலைவராக இருந்தவருக்கு வலது காது பாதிதான். மீதியை ரோபோ கை பிய்த்துவிட்டது. பேசும்போது காலி டீ கப்பை நசுக்கிக்கொண்டே இருப்பார்.

எங்கள் மென்பொருளில் க்ளாஸ் என்கிற நிரல் துண்டுகளில் எதை வெளியாட்களின் நிரல் கூப்பிட விடுவது, எதை உள்ளே மறைப்பது என்று அன்று கூட்டம்.

"ரோபோவ நிறுத்துற க்ளாஸையும் மறைச்சிடலாம் சார். கண்டவன் கூப்பிட்டா மொத்த உற்பத்தி லைனும் படுத்துடும்" என்றேன்.

எழுந்து வந்து என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார். கண் இருட்டியது. சுற்றி இருந்த யாரும் அசையவில்லை. அவரேதான் கையை எடுத்தார்.

"வுடுன்னு சொல்ல ஒருத்தன் வாயத் தொறந்தானா? என் காது போன அன்னிக்கும் இப்டிதான் பாத்துக்கினு நின்னானுங்க. ரோபோவ நிறுத்த அன்னிக்கு எவனுக்கும் வழி இல்ல. அத்த மட்டும் எல்லாருக்கும் தொறந்து வை."

அன்றே திறந்து வைத்தேன். எனக்குப் புரிய வைக்கத்தான் பிடித்தார் என்றால், என் கழுத்தில் அந்த விரல்கள் ஏன் அப்படி நடுங்கின என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை.