முதல் கருத்து தனசேகருடையது

கொடைக்கானல் ஏரிச்சாலையில் ஹோம்மேட் சாக்லேட்டும் தைலமும் விற்கும் தனசேகருக்கு அந்த இரண்டின் மேலும் துளி மரியாதை கிடையாது. வாங்க வருகிறவர்கள் மேல் அதைவிடக் குறைவு. “காதுக்குள்ள பஞ்சுமிட்டாயை வச்சுப் பொறந்தவங்க” என்பது சுற்றுலாப் பயணிகளைப் பற்றிய அவருடைய கணிப்பு. வில்பட்டியில் பூண்டு போட்ட குடும்பத்துப் பிள்ளை, மண்டையோடு அச்சிட்ட கறுப்பு டீசர்ட்டும் தலையில் குரங்குக் குல்லாயுமாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பதற்கு ஒரே காரணம் ஹெவி மெட்டல் என்கிற மேல்நாட்டு அலறல் இசை. அதன் இசைத்தட்டுகளுக்குக் காசு வேண்டுமே.

மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் கடை மாடியில் மெட்டல் கேட்பவர்களின் சங்கம் கூடும். அங்கிருக்கும் ரெக்கார்ட் பிளேயர், ஊரை விட்டுப் போன பாதிரியார் ஒருவர் வீட்டு ஏலத்தில் எடுத்தது. ஞானப்பாட்டுக்குப் பழகிய பெட்டி, இப்போது அலறலைச் சுமந்து பிழைக்கிறது. சங்கத்துக்குச் சட்டம் ஒன்றுதான். ஆல்பம் முடிந்ததும் தனசேகர் கண்ணை மூடி உட்காருவார். அவர் வாய் திறக்கும்வரை யாருக்கும் கருத்து கிடையாது. திறந்தபின் எல்லாருக்கும் அதே கருத்து. கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் குமரகுரு மட்டும் முன்னால் “அதுலயும் பாருங்க” என்று சேர்த்து, அதைத் தன் சொந்தச் சரக்காக்கிக்கொள்வார்.

போன டிசம்பரில், வட்டக்கானலில் காட்டேஜ் பிடித்து லேப்டாப்பில் பிழைப்பு நடத்தும் ஸ்வேதா ஒரு புது இசைத்தட்டைப் பற்றிச் சொன்னாள். இங்கிலாந்தில் மூன்று தாடிக்காரர்கள் போட்ட ஆல்பம். இருட்டான மெட்டல், அடியில் ப்ளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோக இசை. பெங்களூரில் அவளுடைய தோழி நடத்தும் இணைய இதழுக்கு விமர்சனம் வேண்டுமாம்.

“நீங்க சொல்றத அப்படியே டைப் பண்ணி அனுப்பிடுறேன் சார். உங்க பேரு, போட்டோ ரெண்டும் வரும்.”

பத்து வருஷமாக மாடியை விட்டு இறங்காத தீர்ப்பு, மலையை விட்டே இறங்கப்போகிறது. சறுக்கினால், ‘யாரோ சாக்லேட் கடைக்காரனாம்’ என்று பெங்களூரே சிரிக்கும். அந்த வாரம் முழுக்கத் தைலம் கேட்டவர்களுக்குச் சாக்லேட் எடுத்துக் கொடுத்தார் தனசேகர்.

ஞாயிறு வந்தது. தட்டோடு ஸ்வேதா வந்தாள். மூடுபனியும் வந்தது. கரண்ட் போனது. வாடகை ஜெனரேட்டரைப் படிக்கட்டடியில் இறக்கி ஓடவிட்டார்கள். ஸ்வேதா குளிரில் கைகளைத் தேய்ப்பதைப் பார்த்த தனசேகர், விருந்தோம்பல் பொங்கி, தன் கையாலேயே ரூம் ஹீட்டரைச் செருகினார். கீழே ஜெனரேட்டர் ஒருமுறை முக்கியது. மேலே முள் தட்டில் இறங்கியது.

பாட்டு, பெருமாள்மலை ஏற்றத்தில் முட்டைக்கோஸ் லாரி ஏறுவதுபோல ஏறியது. கிதார் ஒவ்வொரு அடிக்கும் உட்கார்ந்து எழுந்தது. பாடகன் ஏதோ கிணற்றின் அடியிலிருந்து, மேலே வர விருப்பமில்லாமல் பாடினான்.

முடிந்தது. தனசேகர் கண்ணை மூடித் திறந்தார்.

“ப்ளூஸுங்கிறது சோகம் இல்லம்மா, களைப்பு. வெரசா வாசிக்க எவனாலயும் முடியும். வேகத்தைக் கொன்னு பொதைச்சு, அது மேல சம்மணம் போட்டு உக்காந்து வாசிக்கத்தான் மனுசன் வேணும். இந்த மூணு பேரும் மனுசனுங்க.”

ஸ்வேதா டைப் செய்து அனுப்பினாள்.

“அதுலயும் பாருங்க,” என்றார் குமரகுரு, “அடியில ஒரு உறுமல் ஓடிக்கிட்டே கெடக்கு. அதுதாங்க ஆல்பத்தோட உயிரு.”

தாண்டிக்குடிக்கு ஜீப் ஓட்டும் பழனிக்குமாருக்குக் கண் கலங்கியே விட்டது. “ஆமாண்ணே, அந்த உறுமல் நெஞ்சுல வந்து உக்காந்துக்கிருச்சு.”

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து தனசேகரின் மனைவி சுதாராணி குரல் கொடுத்தாள். “ஏங்க, கரண்ட் வந்திருச்சு! ஜெனரேட்டர அமத்திட்டேன்!”

“முதல் பாட்ட இன்னொரு தடவ போடலாமா சார்?” என்றாள் ஸ்வேதா.

போட்டார்கள். பாட்டு, கயிறு அறுத்துக்கொண்ட வெள்ளாட்டுக்குட்டி மாதிரி துள்ளியது. தாடிக்காரர்கள் நல்ல சுறுசுறுப்பான பிள்ளைகள். கிணற்றுக்காரனுக்கோ மீசை முளைக்காத குரல். உறுமல் போன இடம் தெரியவில்லை.

பழனிக்குமார் ஹீட்டரைப் பார்த்தான், பிளேயரைப் பார்த்தான். “அண்ணே, ஹீட்டர் இழுத்த இழுப்புல ஜெனரேட்டர் தெணறியிருக்கு. அது தெணறவும் தட்டும் தெணறி மெதுவாச் சுத்தியிருக்கு. அந்த உறுமல்...” என்று படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டினான். குமரகுரு தன் ஷூவின் நுனியை ஆராயத் தொடங்கினார்.

ஸ்வேதா போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். “பப்ளிஷ் பண்ணிட்டாங்க சார்.”

இந்த இடத்தில் வேறு ஊராக இருந்தால் ஒருவராவது சிரித்திருப்பார். இங்கே சட்டம் இருக்கிறது. சிரிக்கலாமா என்று தெரிவதற்கும் தனசேகரின் வாயைத்தான் பார்க்கவேண்டும். அவர் கண்ணை மூடினார். என்றைக்கும் இல்லாத அளவுக்கு நீண்ட நேரம்.

“இதுதான் தப்பு,” என்றார்.

“எது சார்?”

“இப்ப ஓடுதே, இது. ஸ்டுடியோவுல அவசரப்பட்டுட்டானுக. அவனுக மனசுல கேட்டது நம்ம முதல்ல கேட்டதுதான்.”

குமரகுருவுக்கு உயிர் வந்தது. “அதுலயும் பாருங்க, அந்த அவசரம் எவ்வளவு அசிங்கமாத் தெரியுது!”

தீர்ப்பு பிழைத்தது. போட்டோவோடு வந்த அந்தப் பக்கம் லேமினேட் ஆகி, கடையில் முந்திரி சாக்லேட்டுக்கு மேலே தொங்குகிறது. சங்கத்தில் இப்போது கரண்ட் இருந்தாலும் ஜெனரேட்டர்தான், ஹீட்டர் இரண்டு. வீட்டுக் கரண்டில் மெட்டல் கேட்கிறவர்களைப் பற்றிச் சங்கம் பேசும் பேச்சு, சினிமாப் பாட்டு கேட்கிறவர்களைப் பற்றிப் பேசுவதைவிட மோசம்.

ஆனால் வாரநாளில், ஆள் வராத மதியங்களில், தனசேகர் மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக் கரண்டில் அந்த முதல் பாட்டைப் போடுகிறார். கால் தானாகத் தாளம் போடும். முகத்தில் ஒரு பூரிப்புகூட உண்டு. போன வாரம் டீயோடு வந்த சுதாராணி கதவைத் தள்ளிவிட்டாள்.

“நல்லாருக்கே! யாரு பாட்டுங்க? தலையெல்லாம் ஆட்டிக்கிட்டு இருக்கீக?”

முள்ளை வெடுக்கென்று தூக்கினார். “சும்மா டெஸ்ட் பண்ணேன். அவசரக் குடுக்கைப் பயலுக. ஒனக்குச் சோலி இல்லையா?”

குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு கீழே இறங்கி, ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகை ஜெனரேட்டருக்குச் சொல்லிவைத்தார்.