ஓடுகிறதை நிறுத்திப் பார்த்த ஜயகர பங்கேரா

சாப்பிடும்போது ஜயகர பங்கேராவிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. நீர்தோசையும் மீன் குழம்பும் தட்டில் விழுந்துவிட்டால் போனை அணைத்துவிடுவார். யக்ஷகானம் பார்க்க உட்கார்ந்தால் ஆட்டம் முடியும்வரை எழுந்திருக்க மாட்டார். நடுவில் தோளைத் தொட்டவரோடு அடுத்த ஆட்டம்வரை பேச்சுவார்த்தை கிடையாது. இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த உத்தியோகம், ஓடிக்கொண்டிருப்பதை நடுவழியில் நிறுத்துவது.

மங்களூரில் எங்கள் கம்பெனி செய்து விற்றது ஒரு டீபக்கர். ஓடும் புரோகிராமைப் பிடித்து நிறுத்தி, அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல விட்டுவிடும் கருவி அது. ஒழுங்காகப் பிடிக்கிறதா, ஒழுங்காக விடுகிறதா என்று சோதிப்பது ஜயகரரின் வேலை. அதற்காக ஒரு சின்னப் புரோகிராம் எழுதி வைத்திருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போவதைத் தவிர அதற்கு வேறு லட்சியம் இல்லை. 'எண்ணி' என்று பெயர்.

அவருடைய அறையில் மேக், விண்டோஸ், லினக்ஸ் மூன்றும் இருந்தன. அவற்றைப் பற்றி அவர் சம்பந்தி வீடுகளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். மேக் வீட்டில் டீபக்கரை வாசலிலேயே நிறுத்தி யார், எதற்கு, பாஸ்வேர்டு என்ன என்று கேட்பார்கள். விண்டோஸில் உடனே உள்ளே விடுவார்கள். ஆனால் முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால், விருந்தாளி கிளம்பும்போது வீட்டுக்காரனான புரோகிராமின் உயிரும் கூடவே போய்விடும். லினக்ஸ்தான் தங்கமான பிள்ளை. அதன்மேல் அவருக்கு ஒரு புகாரும் இருந்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் அறைக்கே ஆபத்து வந்தது. மேனேஜர் வில்மா லோபோ தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு நிபந்தனையோடு திரும்பினார். புனேயில் ஒரு தொழிற்சாலை டீபக்கரின் புதிய பதிப்பை வாங்கினால் அறை மங்களூரிலேயே இருக்கும். வாங்காவிட்டால் மெஷின்களும் ஜயகரரும் பெங்களூருக்கு. அவர் முன்பு கொஞ்ச காலம் அங்கே இருந்து பார்த்தவர். மீன் லாரியில் வந்து இறங்குகிற ஊரில் மனிதன் எப்படிக் குடியிருப்பான் என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்.

புனேக்காரர் பெயர் கானோல்கர். அவருடைய தொழிற்சாலையை இயக்கும் புரோகிராம் லினக்ஸில் ஓடுகிறது. அதை நிறுத்தி மறுபடி தொடங்கினால் ஒரு ஷிப்ட் போய்விடும். ஓடும்போதே பார்க்கத்தான் எங்கள் கருவி. வீடியோ அழைப்பில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, டீபக்கர் போய்த் தொட்டது. அனுமதி இல்லை என்று பதில் வந்தது. மறுபடியும் தொட்டார்கள், மறுபடியும் அதே பதில். கானோல்கர் நாளைக்குப் பேசலாம் என்று மரியாதையாக விடைபெற்றார். அந்த மரியாதைதான் வில்மாவைப் பயமுறுத்தியது.

ஜயகரர் தன் சோதனைகளை முழுசாக ஓட்டினார். திரை முழுக்கப் பச்சை, எல்லாம் தேறிவிட்டது.

"பாத்தீங்களா மேடம், நம்ம பக்கம் ஒரு குறையும் இல்ல. அவங்க மெஷின்ல யாரோ கைவச்சிருக்காங்க."

"யார் கைவச்சாங்கன்னு அவங்க கேக்க மாட்டாங்க ஜயகரண்ணா. வாங்கலாமா வேண்டாமான்னுதான் கேப்பாங்க."

வில்மா விற்பனைப் பிரிவிலிருந்து வந்தவர். சொந்தக் கருவியைத் தொட்டு வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. கானோல்கர் செய்ததைத் தானும் செய்து பார்க்கிறேன் என்று லினக்ஸ் முன்னால் உட்கார்ந்தார். ஒரு ஜன்னலில் எண்ணியை ஓடவிட்டார். இன்னொரு ஜன்னலில் டீபக்கரைத் திறந்து, எண்ணியைப் பிடி என்றார். அனுமதி இல்லை. எங்கள் அறையிலேயே, தங்கமான பிள்ளையின் வாயிலிருந்தே.

"நீங்க தப்பாப் பண்றீங்க மேடம். எண்ணிய நீங்க ஓட்டக்கூடாது. டீபக்கர்தான் ஓட்டணும்."

"புனேல ஃபேக்டரிய யார் ஓட்டுறாங்க, மகராசா? நம்ம டீபக்கரா?"

ஜயகரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு துடைத்ததையே துடைத்தார்.

விஷயம் இதுதான். பல வருஷம் முன்பு ஒருநாள், முந்தின நாள் ஓடவிட்டு மறந்துபோன பழைய எண்ணியை டீபக்கர் பிடித்துக்கொண்டு, எல்லாம் சரி என்று பொய் சொல்லிவிட்டது. அந்தத் தவறு இனி நடக்கவே கூடாது என்று ஜயகரர் ஓர் ஏற்பாடு செய்தார்: டீபக்கரே எண்ணியைப் பெற்றெடுத்து, ஓடவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் பிடிக்கும். ஆள் மாறாது. லினக்ஸோ, பெற்றவன் தன் பிள்ளையைத் தொட்டால் கேட்காது. அந்நியன் தொட்டால் தடுக்கும். பல வருஷப் பச்சையும் தகப்பன் பிள்ளையைத் தொட்ட பச்சை. அவருடைய ஜாக்கிரதைதான் அவர் கண்ணைக் கட்டியிருந்தது.

வழி ஒன்று இருந்தது. தொழிற்சாலை மெஷினில் அந்தக் காவலையே எடுத்துவிடச் சொல்லலாம். ஒரு வரி மாற்றினால் போதும், சோதனைத் தவறு யாருக்கும் தெரியாது. ஜயகரர்தான் அதைச் சொன்னார். வில்மா மறுக்கவில்லை, நாளைக்கு அதை நீங்களே அவரிடம் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கானோல்கர் திரையில் வந்து, எங்கே தவறு என்று கேட்டார். ஜயகரர் வாயைத் திறந்தார். காவலை எடுங்கள் என்று தயாரித்து வைத்தது வரவில்லை.

"எங்க டீபக்கர் தான் பெத்தத மட்டுந்தான் தொட்டுப் பழகியிருக்கு சார். வெளியாளத் தொடச்சொல்லி நான் சோதிக்கவே இல்ல. தப்பு என் சோதனையில."

கானோல்கர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"காவல எடுத்துடுங்கன்னு சொல்வீங்கன்னு நினைச்சேன். முன்னாடி விக்க வந்த ரெண்டு கம்பெனிக்காரங்களும் அதத்தான் சொன்னாங்க. எங்க பாதுகாப்பு ஆளுங்க அவங்கள வாசலோட அனுப்பிட்டாங்க. எங்க புரோகிராமே, இந்த ஒருத்தர மட்டும் உள்ள விடுன்னு சொல்ல முடியுமா?"

முடியும். லினக்ஸில் அதற்கு ஏற்பாடு இருக்கிறது. ஜயகரருக்கும் அது தெரியும், ஆனால் சொந்தப் பிள்ளையிடம் அனுமதிச் சீட்டு கேட்கும் அவசியம் அவருக்கு வந்ததில்லை. தொழிற்சாலை அடுத்த பராமரிப்பு நாளில் தன் புரோகிராமில் அதைச் சேர்த்தது. டீபக்கர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. வாங்கிக்கொண்டார்கள்.

அறை மங்களூரிலேயே இருக்கிறது. ஆனால் வில்மா ஒரு விதி போட்டுவிட்டார்: ஒவ்வொரு பதிப்பையும், ஜயகரரின் வழியைப் பார்த்திராத ஒருவர் தன் இஷ்டத்துக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும். கணக்குப் பிரிவிலிருந்தோ வரவேற்பு மேஜையிலிருந்தோ யாராவது வருகிறார்கள். அவர்களுக்கு ஓய்வு கிடைப்பது மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான்.

"ஜயகரண்ணா, அனுமதி இல்லங்குது. இப்ப எதை அமுக்கணும்?"

நீர்தோசையைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர் எழுந்து போகிறார். அதை அமுக்காதே என்று சொல்வதில்லை. அமுக்கட்டும் என்று பின்னால் நின்று பார்க்கிறார். திரும்பி வரும்போது தோசை ஆறியிருக்கும். குழம்பில் இருப்பது காலையில் பந்தர் துறைமுகத்தில் இறங்கிய மீன்.