முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள்

அந்தச் சின்ன சுகாதார நிலையத்தில் எல்லோரும் அவரை அட்டையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக நோயாளிகளின் அட்டைகளைத் தேடி எடுத்துக் கொடுப்பவர். பத்தொன்பது வருடமும் தற்காலிக ஊழியர். வெளியே இருமல் கேட்டதும் யாரென்று பார்க்காமலே அட்டையை உருவிவிடுவார்.

ஒருநாள் கணினி வந்தது. கூடவே மேற்பார்வையாளரும் வந்தார். "ரெண்டு மாசத்துல எல்லா அட்டையும் இதுல ஏறணும். இல்லன்னா சர்டிபிகேட் வச்சிருக்கிற ஆளைப் போட்டுடுவோம்" என்றார்.

"பத்தொன்பது வருஷமா இந்த சர்டிபிகேட் எங்க போச்சாம்?" என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டே அட்டையக்கா இரண்டு விரலால் தட்டத் தொடங்கினார்.

முதல் வாரமே வண்டவாளம் வெளிவந்தது. பாதிக்கு மேற்பட்ட பெண்களின் அட்டையில் பெயரே இல்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா. அவ்வளவுதான். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டார்.

"அவரு பேரே இருக்கட்டும்மா."

"மாத்திரையை அவரா முழுங்கப் போறாரு? உன் பேரைச் சொல்லு."

பெயர் கிடைத்தது. பிறந்த தேதிதான் கிடைக்கவில்லை. "மூத்தவன் பொறந்தது நிமிஷக் கணக்கா தெரியும்க்கா. நான் பொறந்ததை யாரு எழுதி வச்சா?" என்று ஒருத்தி சிரித்தாள். மகன் பிறந்த நிமிடத்தைக் குறித்து வைக்கும் வீடுகளில் மகள் பிறந்த மாதத்தைக்கூட எழுத ஒரு பேனா கிடைக்கவில்லை.

கணினிக்கு அந்த நியாயமெல்லாம் தெரியாது. தேதிப் பெட்டி காலியாக இருந்தால் சிவப்பாகிவிடும். அடுத்த பக்கம் போகவே போகாது. அட்டையக்கா நிமிர்ந்து பார்த்தார். எதிர்ச் சுவரில், நிலையம் திறந்த நாளைப் பொறித்த கல்வெட்டு. வருடத்தை வயதைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டு, நாளையும் மாதத்தையும் கல்வெட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். பெட்டி பச்சையானது. முந்நூற்றுப் பதினோரு பெண்கள் கல்வெட்டு நாளில் பிறந்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டாவது, அவரே.

ஒன்று மட்டும் அவருக்குத் தெரியாது. முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு ஒவ்வொரு பிறந்தநாளிலும் வாழ்த்துச் சொல்லி, புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரச்சொல்லிக் கணினி தானாகவே செய்தி அனுப்பும்.

கெடு முடிய இரண்டு நாள் இருந்தபோது கல்வெட்டு நாள் வந்தது. காலை ஒன்பது மணிக்கு வரிசை வாசலைத் தாண்டி, சைக்கிள் கடையைச் சுற்றி, மறுபடி வாசலுக்கே வந்துவிட்டது.

"உனக்கும் இன்னைக்குத்தானா?"

"ஆமாடி! எங்க வீட்டுக்காரர் போனுக்கு வந்துச்சு. இருபது வருஷத்துல முதல் தடவையா எனக்கு வாழ்த்து சொன்னாரு, முழிச்சுக்கிட்டே!"

மாமியாரும் மருமகளும் ஒரே நாளில் பிறந்ததைக் கண்டுபிடித்து, சண்டையை மறந்து சிரித்தார்கள். டாக்டர் தலையில் கைவைத்தார். பிறகு அந்தக் கையைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

மத்தியானம் மேற்பார்வையாளர் பறந்து வந்தார். "பொய்த் தேதி போட்டிருக்கீங்க. இது ஒண்ணு போதும், உங்களை அனுப்ப!"

அட்டையக்கா எழுந்து நின்றார். "தப்புதான் சார். ஆனா தெரியாதுன்னு எழுத உங்க பெட்டியில இடமில்ல. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ல விடாதது என்ன அறிவுள்ள மெஷினு?"

"போன வருஷம் முழுக்க இந்தப் பரிசோதனைக்கு வந்தது பதினாலு பேர்" என்றார் டாக்டர், உள்ளேயிருந்து. "இப்போ மணி ரெண்டு. நாற்பத்தேழு முடிஞ்சாச்சு. மூணு பேரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன், நல்லவேளையா ஆரம்பத்துலயே தெரிஞ்சுடுச்சு. அக்காவோட தப்பை எழுதும்போது இதையும் எழுதுங்க. கீழே நான் கையெழுத்துப் போடுறேன்."

மேற்பார்வையாளர் வரிசையைப் பார்த்தார். முந்நூறு பிறந்தநாள்காரிகள் அவரைப் பார்த்தார்கள். அவர் பேனாவை எடுத்தார்.

வரிசையில் நின்ற எல்லோருக்கும் பரிசோதனை முடிய ஒன்பது நாள் ஆனது. அடுத்த மாதம் கணினியில் புதிதாக ஒரு கட்டம் வந்தது: 'தெரியாது'. கூடவே ஒரு உறை: அட்டையக்கா இனி நிரந்தர ஊழியர்.

நர்ஸ் கைதட்டினார். அட்டையக்கா உட்கார்ந்து, முதலில் தன் பதிவைத் திறந்து, கல்வெட்டுத் தேதியை அழித்துவிட்டு, 'தெரியாது' என்ற கட்டத்தை அமுக்கினார். பெட்டி பச்சையானது.

"அடுத்த ஆள் வாங்க!"