கோழிக் கள்ளனுக்கு வைத்த கமரா

எங்கள் வீட்டு முற்றத்தில் கமரா பூட்டியது கோழிக் கள்ளனைப் பிடிக்கத்தான் என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். அம்மா அப்படித்தான் சொன்னார். கரம்பொன் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டில் அப்போது இருந்தவை மூன்றே கோழிகள், அதிலும் ஒன்று முட்டையிடாது. இதற்கொரு கமராவா என்று கேட்கத் தோன்றாத வயது எனக்கு.

உண்மைக் காரணம் நான்தான். எனக்கு நினைவு தெரியும் முன்பே அப்பா பிரான்சுக்குப் போய்விட்டார். அங்கே தங்குவதற்கான விசா கிடைக்கும்வரை ஊருக்கு வந்துபோக வழியில்லை. போனில் அவர் முகம் தெரிந்தாலே நான் குசினிக்குள் ஓடி அடுப்படியில் ஒளிந்துகொள்வேன். யாரோ ஒரு மீசைக்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறென்ன செய்வது! பிள்ளை கதைக்காவிட்டாலும் பரவாயில்லை, அவள் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்தால் போதும் என்று அப்பா கேட்டிருக்கிறார். அவர் உணவகத்தில் கோப்பை கழுவி முடித்து அறைக்கு வரும்போது எங்களுக்கு விடிந்துவிடும்.

கமராவைப் பூட்டியவர் அம்மாவின் தம்பி, என் மாமா. கடலுக்குப் போகிறவர். தனக்குத் தெரியாத வேலை உலகத்தில் இல்லை என்பது அவருடைய எண்ணம். அது பழைய கமரா. வெளிநாட்டிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் ரவுட்டரில் போர்ட் ஃபோர்வேர்டிங் செய்ய வேண்டுமாம். வெளியிலிருந்து வந்து தட்டுகிறவரை வீட்டுக்குள் யாரிடம் அனுப்புவது என்று ரவுட்டருக்குச் சொல்லிவைக்கும் வேலை அது. மாமா மீன் மணக்கும் கையோடு மடிக்கணினியில் கமராவின் இலக்கத்தை எழுதிவிட்டு, "இப்ப பாருங்கோ அத்தான்" என்றார். கொஞ்ச நேரத்தில் போனுக்குள்ளிருந்து, "முற்றம் தெரியுது! கோழி நிக்குது!" என்று சத்தம் வந்தது. அப்பாவுக்கும் கோழிகள் மேல் நல்ல அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. மாமா வந்து திருத்தினார். அடுத்த நாளும் அதே கதை. மாமா கம்பனியைத் திட்டினார், மழையைத் திட்டினார், அயலாரின் கண்ணூறு என்றும் சொல்லிப் பார்த்தார். கடைசியில், படுக்கப் போகுமுன் அம்மா வீட்டிலுள்ள பிளக்குகளை எல்லாம் கழற்றுவதைக் கண்டுவிட்டார். இடி மின்னல் என்றால் அம்மாவுக்கு அவ்வளவு பயம்.

"ஐயோ அக்கா! நீங்கள் கழட்டிப்போட்டுத் திரும்பக் கொழுவேக்க ரவுட்டர் எல்லாத்துக்கும் இலக்கத்தை மாத்திக் குடுக்குது. கமராவின்ர இலக்கம் இப்ப உங்கட போனிட்டைப் போட்டுது. அத்தான் உங்கட போனையெல்லோ தட்டிக்கொண்டு நிக்கிறார்!"

"அந்த மனுசன் இவ்வளவு நாளும் தட்டிக்கொண்டோ நிண்டவர்?" என்று கேட்டார் அம்மா.

மாமா கமராவுக்கென்று மாறாத இலக்கமொன்றை ஒதுக்கினார். அம்மா அதன்பிறகு ரவுட்டரின் பிளக்கைத் தொடவில்லை. இடி முழங்கினால் செபமாலையைப் பிடித்துக்கொண்டு, மினுங்கும் அந்தப் பச்சை வெளிச்சத்தைப் பார்த்தபடி இருப்பார்.

குசினியில் அம்மா எனக்குத் தலை இழுத்துச் சீவுவதும் முற்றத்துக்கு மாறியது. கமராவுக்கு நேரே நிறுத்தி, ஆறுதலாக இரட்டைப் பின்னல் பின்னுவார். நான் கள்ளனுக்கு நாக்கை நீட்டிக் காட்டுவேன்.

அப்பாவுக்கு விசா கிடைத்து, அவர் ஊருக்கு வந்தபோது நான் பெரிய வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். கூச்சத்தோடு நின்ற என்னிடம், "முன்பல்லு விழுந்த அண்டைக்கு கேற்றடியில நிண்டு அழுதனியெல்லோ?" என்றார். எனக்கு அது நினைவில்லை. அவருக்கு இருந்தது. அத்தனை தூரத்தில் நின்று என்னை வளர்த்த அவருக்கும், பயத்தை விழுங்கிக்கொண்டு பிளக்கைக் கழற்றாமல் விட்ட அம்மாவுக்கும், திட்டித் திட்டியே திருத்திய மாமாவுக்கும் நான் எவ்வளவு கடமைப்பட்டவள்!

ஆனால் ஒன்று மட்டும் விளங்க இன்னும் காலம் எடுத்தது. அந்தக் காலைகளில் அம்மா வீட்டுச் சட்டையை மாற்றி, முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டுதான் எனக்குத் தலை இழுக்க வருவார். பள்ளிக்கூடம் போவது நான் அல்லவா? அந்தச் சின்ன வயதிலேயே ஒருநாள் கேட்டும் விட்டேன்.

"கோழிக் கள்ளன் பாக்கவோ அம்மா பவுடர் பூசுறீங்கள்?"

கடலால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மாமாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அம்மா என் தலையில் மெல்லக் குட்டிவிட்டு, அன்று முதன்முறையாகக் கமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். அம்மாக்களுக்கும் வெட்கம் வரும் என்று எனக்கு அப்போது தெரியாது.